நீட்டுத்திட்டுப் படத்தில் ஒரு கிணறு

படத்தில் கிணறு இருந்தது. தீவில் இல்லை.

முருகையா படத்தைக் குடிசைத் தரையில் விரித்து, அது சுருண்டுகொள்ளாமல் நான்கு மூலைகளிலும் நான்கு தேங்காய்களை வைத்திருந்தான். துணி ஒட்டிய கனத்த தாள். பழுப்பு ஏறியிருந்தாலும் கோடுகள் தெளிவாகவே இருந்தன. தீவின் நடுவுக்கு வடக்கே நீல மையில் ஒரு சிறு வட்டம், வட்டத்துக்குள் ஒரு புள்ளி. அப்படிப் போட்டிருந்தால் நல்ல தண்ணீர்க் கிணறு என்று தோட்டத்துக் கணக்கு எழுதும் பெரிய கிராணி சொல்லியிருந்தார். வழியும் படத்திலேயே இருந்தது. வடமுனையில் உள்ள கரும்பாறையிலிருந்து கடலோரமாகத் தெற்கே நாற்பது சங்கிலி, சங்கிலிக்கு அறுபத்தாறு அடி. அங்கே நின்று, கடலுக்கு முதுகு காட்டிக் கிழக்கே மூன்று சங்கிலி.

அந்த இடத்தில் முருகையா மார்பளவுக்குத் தோண்டிப் பார்த்துவிட்டான். ஊறியது உப்புத் தண்ணீர்.

பாறைக்கும் கிணற்றுக்கும் இடையில், முப்பதாவது சங்கிலியில், அளவெடுத்தவர்கள் நட்டுவைத்த ஒரு கருங்கல் உண்டு. படத்தில் அதற்கு முக்கோணக் குறி. அந்தக் கல்லிலிருந்து எண்ணினால் கிணற்றுக்கு இன்னும் பத்துச் சங்கிலி. அப்படியும் அளந்தான். பாறையிலிருந்து அளந்தபோது ஓரிடம் வந்தது. கல்லிலிருந்து அளந்தபோது அதற்கு மூன்று சங்கிலி தெற்கே வேறோர் இடம் வந்தது. ஒரே கிணறு எப்படி இரண்டு இடங்களில் இருக்கும்? இரண்டாவது இடத்திலும் தோண்டினான். அங்கேயும் உப்புதான்.

லிங்கி ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு வடக்கே, கரையை விட்டு ஒரு மைல் தள்ளிக் கிடந்தது அந்தத் தீவு. ஒன்றரை மைல் நீளம். அகலம் பெரும்பாலான இடங்களில் ஒரு கல்லை வீசியெறியும் தூரம்கூட இல்லை. அலை கொண்டுவந்து குவித்த மணல்தான் தீவாக நின்றது. கரைக்கு இணையாக நீண்டு படுத்து, கடலின் அடியையெல்லாம் தன் மேற்குப் பக்கத்தில் வாங்கிக்கொள்ளும். அதனால் அதன் கிழக்குப் பக்கத்து நீர் எப்போதும் குளம்போல அசையாமல் கிடக்கும். அங்கே சேற்றுக்காடு வளர்ந்திருந்தது. தோட்டத்து ஆட்கள் அதை நீட்டுத்திட்டு என்றார்கள்.

ரப்பர்த் தோட்டத்துக் கம்பெனி அங்கே தென்னை வைத்திருந்தது. தேங்காய் பொறுக்கி, உடைத்து, காயவைத்துக் கொப்பரையாக்க ஓர் ஆள் போதும். அந்த ஓர் ஆள் முருகையா. மலைச்சரிவில் பால் வெட்டிக்கொண்டிருந்தபோது மரம் உருண்டு அவனுடைய இடது பாதம் நசுங்கிவிட்டது. சரிவில் ஏற முடியாதவனுக்கு மட்டமான தரையில் வேலை என்று துரை அவனை இங்கே அனுப்பிப் பதினோரு மாதமாகிறது.

அவன் மனைவி பஞ்சாலை தோட்டத்து லயத்து வீட்டிலேயே இருந்தாள். அவளை அழைத்துவரத் துரை அனுமதிக்கவில்லை. முன்பு இங்கே இருந்த குடும்பம் கூரைத் தண்ணீரைப் பிடித்துக் குடித்து, வயிற்றுப்போக்கில் குழந்தையைப் பறிகொடுத்தது. அத்தாப்பு ஓலையில் வழியும் மழைநீர் தேநீர் நிறத்தில்தான் இறங்கும். குளிக்கலாம், குடிக்கக் கூடாது. தீவில் கிணறு வரட்டும், பெண்பிள்ளை வரட்டும் என்று துரை ஒரே வரியில் முடித்துவிட்டார். தனி ஆளுக்கு வேண்டிய தண்ணீர் பத்து நாளுக்கொரு முறை மண்ணெண்ணெய் டின்களில் படகேறி வந்தது.

பழைய படத்தை அலமாரியிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தது பெரிய கிராணிதான். படத்தைப் பார்க்கும் விதத்தையும் அவரே காட்டிக்கொடுத்தார். பழுப்பு நிறத்தில் வளைந்து வளைந்து ஓடும் கோடுகள் என்ன என்று முருகையா கேட்டபோது அவர் சொன்னது அவன் மனத்தில் அப்படியே பதிந்திருந்தது. "கடல் அஞ்சடி ஏறிடுச்சுன்னு வெச்சுக்க. அப்ப கரை எங்க இருக்கும்? அதான் மொத கோடு. பத்தடி ஏறினா? அதான் ரெண்டாவது." அதன் பிறகு முருகையாவுக்குப் படம் வெறும் தாளாக இல்லை. விரலைக் கோட்டின்மேல் ஓட்டினால் மேடு எங்கே, தாழ்வு எங்கே என்று தெரிந்தது. பத்தடிக் கோடு ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. நீல வட்டம் அதற்குள் இருந்தது.

அது தற்செயல் அல்ல. மழை மணலுக்குள் இறங்குகிறது. அடியில் கடல் நீர் இருக்கிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட இலேசானது. அதனால் அதன்மேல் மிதந்து நிற்கும். அப்படி நிற்கும் நீர் ஆப்பத்தைப் போல நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் இருக்கும். தீவு அகலமாகவும் மேடாகவும் உள்ள இடத்தில்தான் ஆப்பத்தின் நடு. மற்ற இடங்களில் நாலடி தோண்டுவதற்குள் உப்பு வந்துவிடும். ஆகவே எங்கேயாவது தோண்டினால் போதாது. அந்த ஓரிடத்தில் தோண்ட வேண்டும். அந்த ஓரிடமோ ஆள் உயரத் தாழம்புதருக்குள் எங்கேயோ இருந்தது. காற்று மணலை வாரிக் கிணற்றின் வாயை எப்போதோ மூடியிருக்க வேண்டும்.

அவன் கயிற்றைச் சந்தேகித்தான். தோட்டத்தில் ரப்பர்க்கன்று நடும்போது பிடிக்கும் சங்கிலியை வைத்து அளந்து, அறுபத்தாறு அடிக்கு ஒரு தேங்காய்நார்க் கயிறு திரித்து எடுத்துவந்திருந்தான். நார்க்கயிறு நனைந்தால் சுருங்கும். சுருங்கிய கயிறு கொஞ்ச தூரத்தையே அதிகமாகக் காட்டும். எனவே நிஜச் சங்கிலியே வேண்டும் என்று கிராணிக்குச் சொல்லியனுப்பினான்.

பங்குனி பத்தாம் தேதி மதார் மைதீனின் படகு வந்தது. போர்ட் டிக்சனில் கடை வைத்திருப்பவர். சி ரூசாவிலிருந்து லிங்கிவரை கரையோரத் தோட்டங்களுக்குச் சாமான் ஏற்றிப் போகிறவர். தஞ்சைக் கடற்கரையிலிருந்து வந்த மனிதர் என்பதால் முருகையா அவரை அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நானா என்று கூப்பிடுவான். பத்து நாளில் அவன் பேசும் பேச்செல்லாம் அவரோடுதான்.

"இந்தா உன் இரும்பு. படகு ஒரு பக்கமா சாயுது லா," என்று சங்கிலிச் சுருளை மணலில் போட்டார் மதார் மைதீன்.

"பஞ்சாலை என்ன சொல்லிச்சு நானா?"

"வந்தவனுக்கு ஒரு எளனி வெட்டுறானா பாரு. சொல்றேன் இரு. வெள்ளிக்கிழமை பால் கொட்டாய்க்கிட்ட பாத்தேன். வாளிய எறக்கி வெச்சிட்டு இப்படி நின்னா." அவரும் இடுப்பில் கைவைத்து நின்றார். "கெணறு தோண்டப் போன மனுஷன் பாதாளத்துக்கே போயிட்டாரான்னு கேளுங்கன்னா."

முருகையா சிரித்தான். மதார் மைதீன் சிரிக்கவில்லை.

"இன்னொண்ணும் சொன்னா. கெமாஸ்ல அவ அண்ணன் முனியாண்டி இருக்கான்ல, ரயில்வேல வீடு குடுத்திருக்காங்களாம். வந்து இருன்னு ஆளனுப்பிட்டான். சித்திரை பொறந்து ஒரு வாரம் பாப்பாளாம். அதுக்குள்ள தண்ணி வரலைன்னா ரயில் ஏறிடுவாளாம். நான் சொல்லல தம்பி. அவ சொன்னது."

"கோவமா சொன்னுச்சா?"

"கோவமா சொல்லியிருந்தா நான் கண்டுக்க மாட்டேனே. மெதுவாத்தான் சொன்னா."

படகு போன பிறகு அவன் வெகுநேரம் சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நூறு கண்ணிகள், பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளை வில்லை, மொத்தம் அறுபத்தாறு அடி. இரும்பு நனைந்தாலும் சுருங்காது.

சங்கிலி பிடிக்க இரண்டு பேர் வேண்டும். முன்னால் போகிறவன் சங்கிலியை இழுத்துப் போய், அது விறைப்பாக நின்றதும் தரையில் ஓர் இரும்புக் குச்சியைக் குத்துவான். பின்னால் நிற்பவன் அந்தக் குச்சிவரை வந்து அதைப் பிடுங்கிக்கொள்வான். அவன் கையில் எத்தனை குச்சியோ அத்தனை சங்கிலி. பத்துச் சேர்ந்ததும் குச்சிகளை முன்னால் போகிறவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து. முருகையாவுக்குப் பின்னால் யாரும் இல்லை. அவன் சங்கிலியின் ஒரு முனையை முளையில் மாட்டி, மறுமுனையை இழுத்துப் போய் முளை அடித்து, முதல் முளையைப் பிடுங்கத் திரும்பி நடந்து, மறுபடியும் முன்னால் வர வேண்டும். ஒரு சங்கிலித் தூரத்துக்கு மூன்று நடை. நொண்டிக் காலின் எட்டு ஒன்றுபோல் இருக்காது என்பதால் எட்டு வைத்து அளக்கவும் வழியில்லை.

எண்ணிக்கையும் சிக்கல்தான். கணக்குக்காகக் குத்திய குச்சியை ஈர மணல் இளக்கிவிட்டது. அலை வந்து உருட்டிப் போனது. முதல் நாளே மூன்று குச்சி தொலைந்தது. மறுநாள் மறுபடி பாறையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு சங்கிலி முடிவிலும் ஒரு சிப்பியைப் பொறுக்கி இடுப்புத்துணியில் முடிந்துகொண்டான். அன்று முழுவதும் அவன் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. யாரிடம் சொல்வது?

மாலையில் கருங்கல்லின் அருகே உட்கார்ந்து சிப்பிகளைக் கொட்டி எண்ணினான். முப்பத்து மூன்று. நார்க்கயிறு காட்டிய அதே முப்பத்து மூன்று. படமோ முப்பது என்றது.

மணல் நகர்ந்திருக்குமா என்று யோசித்தான். மணல் நகரும்; அவன் வந்த பிறகே தென்முனை பத்தடி நீண்டிருக்கிறது. ஆனால் பாறை நகராது. இடுப்பளவு புதைத்த கருங்கல்லும் நகராது. நகராத இரண்டு பொருளுக்கு நடுவில் மூன்று சங்கிலித் தூரம் எங்கிருந்து வந்தது? காற்று தென்னோலைகளை உரசிக்கொண்டே இருந்தது. கரையில், ஒரு மைலுக்கு அப்பால், அடுப்புப் புகை எழும்பிக் கலைந்தது. அங்கே யாரோ யாருக்கோ சமைக்கிறார்கள்.

அடுத்த பத்து நாளில் மேலும் இரண்டு குழிகள் தோண்டினான். இரண்டும் உப்பு.

பங்குனி இருபதாம் தேதி மதார் மைதீன் வந்தபோது, கோணியை விரித்து அரிசி அளந்தார். பத்து நாளுக்குப் பத்துச் சுப்பாக்கு, மலாய்ப் படி. தகரச் சுப்பாக்கில் குவித்து, உள்ளங்கையால் வழித்துக் கொட்டினார்.

"லாபம்," என்றார் முதல் அளவுக்கு. "ரெண்டு. மூணு. நாலு."

"நானா, நில்லுங்க. ஒண்ணு எங்க?"

"எந்த ஒண்ணு?"

"லாபம்னீங்க. நேரா ரெண்டுக்குப் போயிட்டீங்க."

"லாபந்தான்டா ஒண்ணு. மொத அளவ ஒண்ணுன்னு சொல்லக் கூடாதுன்னு லாபம்ங்குறோம். நீ என்ன அளவே பாக்காத ஆளா?"

"எங்க பண்ணையில அப்படி இல்ல. எங்க களத்துல மொத மரக்கால் லாபம். அது சாமிக்கு, கணக்குல வராது. அதுக்கு அப்புறந்தான் ஒண்ணு. பத்து வந்ததும் கோடு போட்டுட்டு மறுபடி லாபத்துலேருந்து."

மதார் மைதீன் சுப்பாக்கைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தார். "அப்ப நீ பத்துன்னு சொல்றப்ப பதினொண்ணு போயிருக்கும். முப்பதுன்னா முப்பத்து மூணு. அந்தப் பண்ணை எப்படிடா பொழச்சுச்சு? நல்லவேளை உன்னை என் கடையில வெக்கல."

முருகையாவின் கண் சுப்பாக்கிலேயே நின்றது. மதார் மைதீன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "கோவிச்சுக்காத லா, வெளையாட்டுக்குச் சொன்னேன்," என்றார்.

"கோவமில்ல நானா. இப்ப சொன்னதத் திரும்பச் சொல்லுங்க. முப்பதுன்னா?"

"முப்பத்து மூணு."

படத்தைக் கொடுத்தபோது பெரிய கிராணி போகிற போக்கில் சொன்ன ஒரு கதை அவனுக்கு இப்போது நினைவு வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பதில், பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், தீவை வாங்கிய கம்பெனி அளவெடுக்க ஒரு வெள்ளைக்காரரை வைத்தது. வந்த இரண்டாம் நாளே அவர் காய்ச்சலில் விழுந்தார். படகில் படுத்தபடியே, ஆட்கள் கத்திச் சொன்ன எண்ணிக்கையைக் கேட்டுக் கேட்டு எழுதினார். சங்கிலி இழுத்தவர்கள் கப்பலை விட்டு இறங்கி இரண்டு மாதம்கூட ஆகாத ஆட்கள். முருகையாவின் ஊர்ப்பக்கத்தார், களத்தில் நெல் அளந்த கை.

குச்சிகளை அலை கொண்டுபோயிருக்கும், அவன் குச்சிகளைக் கொண்டுபோனதுபோல. அவர்கள் வாயால் எண்ணியிருப்பார்கள். முதல் சங்கிலிக்கு ஒருவன் "லாபம்" என்று கூவியிருப்பான். மற்றவன் திருப்பிக் கூவியிருப்பான். வெள்ளைக்காரருக்கு அது எண்ணாகப் பட்டிருக்காது. ஒன்று என்ற இடத்திலிருந்துதான் அவர் எழுதத் தொடங்கியிருப்பார். இரண்டு பேராக இருந்திருந்தால் முருகையாவும் அப்படித்தான் கூவியிருப்பான். கூவ ஆள் இல்லாததால்தான் சிப்பியை எண்ணினான். அதனால்தான் அவன் கணக்குச் சரியாக இருந்தது.

"நானா, பஞ்சாலைகிட்ட ரயில் ஏற வேண்டாம்னு சொல்லுங்க."

"தண்ணி வந்துடுச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்ப நான் என்னன்னு சொல்றது? அவ என்னையில்ல கிழிப்பா."

"அடுத்த தடவை வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்க."

மறுநாள் கரும்பாறையிலிருந்து நாற்பத்து நான்கு சங்கிலி அளந்தான். நூற்று முப்பத்திரண்டு நடை. கருங்கல்லிலிருந்து பதினொன்று அளந்தான். இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றன. முதல் முறையாகக் கிணறு ஒரே கிணறாக இருந்தது. அங்கிருந்து கிழக்கே திரும்பித் தாழையை வெட்டி மூன்று சங்கிலிக்கு வழி செய்ய ஐந்து நாளாயிற்று. முன்கையெல்லாம் முள் கீறிய கோடுகள். மூன்றாவது சங்கிலியின் முடிவில் தோண்டினான்.

மரச்சட்டம் இல்லை, கல் இல்லை. வெறும் மணல். இடுப்பளவில் தண்ணீர் ஊறியது. நாக்கில் வைத்தான். கரித்தது.

குழியின் விளிம்பில் உட்கார்ந்தான். சித்திரைக்கு நான்கு நாள் இருந்தது. தாழம்புதருக்குள் கடலோசைகூடச் சரியாகக் கேட்கவில்லை. பஞ்சாலை கெமாஸ் வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது கண்ணில் தெரிந்தது. அவளுக்கு ஜன்னலோரம் பிடிக்கும். அவன் இன்னொரு முறை தண்ணீரை அள்ளி வாயில் வைத்தான். கரிப்பு முன்பைப் போல் இல்லை. மற்றக் குழிகளில் துப்பத் தோன்றியது. இதை விழுங்க முடிந்தது. ஆப்பத்தின் ஓரத்தைத் தாண்டி உள்ளே வந்திருக்கிறான், நடுவுக்கு வரவில்லை.

நாற்பதுக்கு நான்கு ஏன் கூட்டினான்? நாற்பதில் நான்கு பத்து. ஒவ்வொரு பத்தும் லாபத்தில் தொடங்கும் என்பதால். அப்படியானால் கிழக்கே திரும்பியது? அது புதுக் கோடு. கோடு நீளமானாலும் குட்டையானாலும் களத்து ஆள் புதிதாகத் தொடங்கும்போது என்ன சொல்வான்? லாபம், ஒன்று, இரண்டு, மூன்று. படகில் படுத்திருந்தவர் மூன்று என்று எழுதினார். அவர்கள் நடந்தது நான்கு.

இன்னொரு சங்கிலித் தூரம் வெட்ட இரண்டு நாள் ஆயிற்று. தாழைக்கு நடுவில் தரை இலேசாகக் குழிந்திருந்தது. மண்வெட்டி இரண்டாவது கொத்திலேயே மரத்தில் பட்டது. நீபோங் மரப்பலகை, நான்கு பக்கமும் அடைத்த சட்டம், கம்பெனிக்கு முன்னால் இங்கே வந்துபோன மலாய் மீனவர்களுடையதாக இருக்கும். உள்ளிருந்த மணலை ஒரு பகலும் மறுநாள் காலையும் வாரிப்போட்டான். முதலில் கலங்கலாக ஊறியது. தெளியும்வரை காத்திருந்து குடித்தான். பிறகு மறுபடியும் குடித்தான்.

பங்குனி முப்பதாம் தேதி மதார் மைதீன் ஒரு சிரட்டையில் அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, சிரட்டையின் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"கடைத்தண்ணிய விட நல்லாருக்கு. இத்தனை நாளும் என் டின்னு தண்ணியவா குடிச்ச நீ, பாவம்."

"ஒரு போத்தல் துரைக்கு. ஒரு போத்தல் பஞ்சாலைக்கு. துரைக்கு மொதல்ல குடுத்துடுங்க நானா. ரொம்ப ஆழம் தோண்டல, தோண்டவும் மாட்டேன்னு சொல்லுங்க. கீழ போனா உப்பு வந்துடும்."

"அவளுக்கு என்ன சொல்லட்டும்?"

"அம்மிக்கல்லை மறக்காம எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

"கிராணிக்கு? படத்தைத் திருப்பிக் கேட்டாரு."

முருகையா படத்தைச் சுருட்டி மூங்கில் குழாயில் போட்டுக் கொடுத்தான். கூடவே கிராணியிடம் சொல்ல வேண்டியதையும் சொன்னான். மதார் மைதீன் தவறவிடாமல் இருக்க இரண்டு தடவை திருப்பிச் சொல்லவைத்தான். படத்தில் எந்தக் கோட்டை எடுத்தாலும், அதன் தொடக்கத்தில் ஒரு சங்கிலியும், அதன் பிறகு பத்து முடிந்து அடுத்த பத்துத் தொடங்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு சங்கிலியும் கூட்டிக்கொள்ள வேண்டும்: மூன்றுக்கு நான்கு, பத்துக்குப் பதினொன்று, முப்பதுக்கு முப்பத்து மூன்று, நாற்பதுக்கு நாற்பத்து நான்கு.